ரப்பர் விளையில் குவாட் பைக்: சொந்த நிலத்தில் ஓட்டினால் சட்டம் எதுவும் இல்லையா?

8 ஜூன் 2024, கேள்வி

கன்னியாகுமரி மாவட்டத்தில், அருமனைக்கு வடக்கே எங்களுக்கு ஆறு ஏக்கர் ரப்பர் விளை இருக்கிறது. பால்வெட்டுகிறவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. மலைச்சரிவில் படிபடியாக வெட்டிய தட்டுகளில் மேல்தட்டிலிருந்து பால் கேனைத் தலையில் சுமந்து கீழே உள்ள புரைக்கு (பால் உறைய வைக்கிற கொட்டகைக்கு) வந்து சேர்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்குகிறது. பழைய குவாட் பைக் ஒன்று விலைக்கு வருகிறது. சொந்த நிலத்துக்குள் ஓட்டினால் பதிவு, உரிமம், காப்பீடு எதுவும் வேண்டாம், எந்தச் சட்டமும் அதைத் தொடாது என்று விற்பவர் சொல்கிறார். நான்கு சக்கரம் இருப்பதால் இரு சக்கர வண்டியைப் போலச் சரியாது என்றும் சொல்கிறார். இரண்டும் சரிதானா?

9 ஜூன் 2024, காலை

முதலாவது பாதி சரி. இரண்டாவது முழுத் தவறு.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பொது இடத்தில் வண்டி ஓட்டுவதைப் பற்றித்தான் பேசுகிறது. விளையின் கேட்டைத் தாண்டாதவரை உரிமமோ பதிவோ கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை. பஞ்சாயத்துச் சாலையில் சக்கரம் பட்ட நொடியிலிருந்து எல்லாம் வேண்டும்.

சரியாது என்பதைப் பற்றி இரவில் எழுதுகிறேன். மழை வெறித்திருக்கிறது, மரங்களுக்கு மழை மறைப்பு ஒட்டுகிற வேலை பாதியில் நிற்கிறது.

9 ஜூன் 2024, இரவு

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். மனைவிக்குச் செவிலியர் வேலை கிடைத்ததால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். அங்கே கிப்ஸ்லாந்துப் பகுதியில் ஒரு பால் பண்ணையில் வேலை பார்த்தேன். பசுக்களைக் கறவைக்கு ஓட்டி வருவது, வேலி பார்ப்பது, கன்றுகளுக்குத் தீவனம் கொண்டு போவது என்று நாளில் பாதி நேரம் குவாட் பைக்கின் இருக்கையிலேயே கழிந்தது. 2022 தொடக்கத்தில் ஊருக்குத் திரும்பித் திற்பரப்புப் பக்கம் அப்பாவின் விளையைப் பார்த்துக்கொள்கிறேன். இங்கேயும் ஒரு பழைய குவாட் பைக்கை வாங்கினேன். அது என்னை ஒருமுறை கவிழ்த்தது. அந்தக் கதை பிறகு.

இந்த வண்டியை முதலில் பார்ப்பவருக்கு அது அம்மிக்கல்லைப் போல உறுதியாகத் தெரியும். உண்மையில் அதன் பிழைப்பே ஓட்டுபவருடைய இடுப்பில் இருக்கிறது. உட்கார்ந்து ஓட்டும் காரைப் போல அல்லாமல், குதிரையின் மேல் இருப்பதைப் போலக் காலை இரு பக்கமும் போட்டு உட்கார வேண்டும். கைப்பிடியைப் பிடித்துத் திருப்ப வேண்டும். சரிவில் போகும்போது மேட்டுப் பக்கமாக உடம்பைச் சாய்த்து, ஏறும்போது முன்னால் குனிந்து, இறங்கும்போது பின்னால் நகர்ந்து எடையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முந்நூறு கிலோவை நெருங்கும் இயந்திரம். சக்கரங்களுக்கு நடுவே அகலம் குறைவு. அடிப்பாகம் கல்லில் தட்டாமல் இருப்பதற்காகத் தரையிலிருந்து உயர்த்தி வைத்திருப்பார்கள், அதனால் எடையின் மையமும் மேலே ஏறிவிடுகிறது. பல வண்டிகளில் பின் அச்சு ஒரே துண்டு. காரைப் போல உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றாது. திருப்பும்போது வண்டி முதலில் நேராகவே போகப் பார்க்கும். பிறகு சட்டென்று பிடித்துக்கொண்டு திரும்பும். அந்தச் சட்டென்ற நொடியில்தான் ஆள் வெளியே எறியப்படுகிறார்.

இரு சக்கர வண்டி சரிந்தால் அது ஒரு பக்கம் விழும், நாம் ஒரு பக்கம் விழுவோம். குவாட் பைக் உருளும். அது உருளும் பாதையில் நாம் கிடப்போம். ஆஸ்திரேலியாவில் இறந்தவர்களில் கணிசமானோர் எலும்பு நொறுங்கி இறக்கவில்லை. வண்டி மார்பின் மேல் கிடந்ததால் மூச்சை உள்ளே இழுக்க முடியாமல் இறந்தார்கள். யாராவது தூக்கிவிட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள். ஆனால் பண்ணையில் தனியாக வேலை பார்ப்பவரைத் தேடி வருவது பெரும்பாலும் சாப்பாட்டு நேரம் கடந்த பிறகுதான்.

10 ஜூன் 2024

ஒருவர், "அங்கே நிலம் சமதளம், நம்முடையது மலை, இரண்டையும் ஒப்பிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். ஒப்பிட்டால் நமக்குத்தான் கேடு.

12 ஜூன் 2024

கவிழ்ந்த கதை. 2023 ஏப்ரல் கடைசி. பருவமழைக்கு முன்னால் இலை உதிர்வு நோய்க்குப் போர்டோ கலவை அடிக்கிற நேரம். துருசும் (மயில்துத்தம்) சுண்ணாம்பும் கரைத்த கலவையை அறுபது லிட்டர் தொட்டியில் ஊற்றி, தொட்டியை வண்டியின் பின் தாங்கியில் கயிற்றால் கட்டியிருந்தேன். கீழ்த்தட்டு முழுவதும் அடித்து முடித்தபோது தொட்டியில் ஏறக்குறைய பாதி மிச்சம் இருந்தது. நிறைந்த தொட்டியைவிடப் பாதித் தொட்டி ஆபத்தானது என்பதை அன்றைக்குத்தான் உடம்பால் தெரிந்துகொண்டேன். நிறைந்த தொட்டியில் தண்ணீருக்கு நகர இடமில்லை. பாதித் தொட்டியில் அது சரிவின் கீழ்ப்பக்கம் ஓடிச் சேர்ந்துகொள்ளும், அதாவது வண்டி எந்தப் பக்கம் விழ நினைக்கிறதோ அந்தப் பக்கத்துக்கே ஆள் சேர்க்கும்.

நான் சரிவுக்குக் குறுக்கே, தட்டைத் தாங்கும் கல்சுவரான கையாலையை ஒட்டி, நடை வேகத்தில்தான் போனேன். கையாலையிலிருந்து பெயர்ந்து கிடந்த ஒரு கல்லில் மேட்டுப்பக்கத்துப் பின்சக்கரம் ஏறியது. தேங்காய் அளவுகூட இல்லாத கல். தொட்டிக்குள் ஒரு 'சளக்' கேட்டது. அடுத்தது எனக்குத் தெரிந்தபோது நான் கீழ்த்தட்டில் மல்லாந்து கிடந்தேன், வண்டி என் மேலே வந்துகொண்டிருந்தது. ஒரு ரப்பர் மரம் குறுக்கே நின்றது. வண்டியின் கைப்பிடி அதில் மோதி, பால் வடியும் சிரட்டையை நொறுக்கிவிட்டு, அப்படியே சாய்ந்து நின்றது. என் இடது கால் மட்டும் இருக்கைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மேல்தட்டில் ஒட்டுபால் பிரித்துக்கொண்டிருந்த அக்கா கூப்பிட்டு, இரண்டு பேர் ஓடி வந்து தூக்குவதற்குப் பத்து நிமிடம் ஆனது. சட்டை முழுவதும் நீலம். கணுக்காலில் முறிவு. மருத்துவமனையில் எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர் நான் ஏதோ சுவருக்கு வண்ணம் அடிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்தவன் என்று நினைத்துக்கொண்டார்.

ஆஸ்திரேலியாவில் ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட விழவில்லை. இங்கே பதினான்கு மாதத்தில் விழுந்தேன்.

13 ஜூன் 2024

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. தலைக்கவசம் போட்டிருக்கவில்லை. கிப்ஸ்லாந்தில் போடாமல் வண்டியில் ஏறினால் முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொள்வார். இங்கே சொந்த விளையில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு மருந்து அடித்தால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்று போடவில்லை. சிரிப்பார்கள்தான். சிரித்தார்கள் என்பதற்காக யாரும் செத்ததில்லை.

15 ஜூன் 2024

என்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. தக்கலை நீதிமன்றத்தில் தொழில் செய்கிற உறவினர் ஒருவர், நான் 9ஆம் தேதி காலையில் எழுதியதைப் படித்துவிட்டு, "சட்டத்தைப் படிக்காமல் சட்டம் சொல்லாதே மாப்பிள்ளை" என்று தொலைபேசியில் சொன்னார். பிறகு பிரிவுகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். சுருக்கம் இது.

ஓட்டுநர் உரிமம் பற்றிய 3ஆவது பிரிவு பொது இடத்தில் ஓட்டுவதைத்தான் சொல்கிறது. மூன்றாம் நபர் காப்பீடு பற்றிய 146ஆவது பிரிவும் பொது இடத்தையே சொல்கிறது. ஆனால் பதிவு பற்றிய 39ஆவது பிரிவின் வாசகம் வேறு: பதிவு செய்யப்படாத மோட்டார் வாகனத்தைப் பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ ஓட்டக் கூடாது என்கிறது. 'வேறு எந்த இடத்திலோ' என்ற சொற்கள் அங்கே இருக்கின்றன. நான் இல்லாதவை போல எழுதினேன். ஆகவே விற்பவர் சொல்வதும் நான் சொன்னதும் ஒரே தவறு.

இதிலிருந்து தப்ப ஒரே வழி, அந்த வண்டி சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனமே அல்ல என்று சொல்வது. தொழிற்சாலைக்குள்ளோ வேறு மூடிய வளாகத்துக்குள்ளோ மட்டும் பயன்படுத்துவதற்கென்று அமைக்கப்பட்ட தனிவகை வாகனத்தை 2(28) பிரிவு விலக்குகிறது. பல விற்பனையாளர்கள் பிடித்துத் தொங்குகிற கயிறு இதுதான். நம்முடைய விளை மூடிய வளாகமா? ஒரு பக்கம் கையாலை, ஒரு பக்கம் ஓடை, நடுவே பக்கத்து வீட்டார் கோயிலுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை. ஊரே கடந்து போகிற இடத்தை மூடிய வளாகம் என்று நீதிபதியின் முன்னால் சொல்ல எனக்கு வாய் வராது.

தலைக்கவசம் பற்றிய 129ஆவது பிரிவுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. அது மோட்டார் சைக்கிளுக்கு உரியது. மோட்டார் சைக்கிள் என்றால் இரு சக்கர வாகனம் என்று சட்டமே வரையறுத்துவிட்டது. குவாட் பைக்கின் பெயரில் பைக் இருந்தாலும் சக்கரம் நான்கு. ஆகவே குலசேகரம் சந்தைக்கு ஸ்கூட்டரில் போகிறவர் தலையை மூட வேண்டும். மலைச்சரிவில் முந்நூறு கிலோவை ஓட்டுகிறவர் மூட வேண்டியதில்லை.

இந்தியாவில் விற்கிற குவாட் பைக்குகளில் சிலவற்றை வேளாண் டிராக்டராக வகைப்படுத்திப் பதிவு செய்ய வழி செய்திருக்கிறார்கள். வாங்கினால் அந்த வகையில் வாங்குவது நல்லது. எண்பலகை இருக்கும், காப்பீடு கிடைக்கும். ஆனால் டிராக்டராகப் பதிவாகிவிட்டதால் அது டிராக்டரைப் போல நின்றுகொள்ளும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

16 ஜூன் 2024

கேள்வி கேட்டவருடைய விளையில் ஓட்டப்போவது அவர் அல்ல, பால்வெட்டுகிறவர். இதை நேற்று மறந்துவிட்டேன். பண்ணையில் டிராக்டரிலோ இயந்திர சக்தியால் இயங்கும் வேறு சாதனத்திலோ வேலை செய்கிறவர், வேலையில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரச் சொல்லும் சட்டத்துக்குள் வருகிறார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, நாள் கூலிதான் என்ற சாக்கெல்லாம் அங்கே அவ்வளவாக எடுபடாது. வண்டி கவிழ்ந்து அவருக்கு ஏதாவது ஆனால் இழப்பீடு கொடுக்க வேண்டியவர் விளையின் உடைமையாளர். தலைச்சுமையைக் குறைக்க நினைத்த நல்ல மனம் அந்தக் கணக்கில் சேராது.

19 ஜூன் 2024

ஆஸ்திரேலியாவில் என்ன சட்டம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

அங்கே 2011க்குப் பிறகு ஆண்டுக்கு ஏறக்குறைய 16 பேர் குவாட் பைக்குகளால் இறந்துகொண்டிருந்தார்கள். பல ஆண்டு வாக்குவாதத்துக்குப் பிறகு 2019 அக்டோபரில் நுகர்வோர் சட்டத்தின் கீழ் ஒரு கட்டாயப் பாதுகாப்புத் தரத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. அது இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. 2020 அக்டோபர் 11 முதல், விற்பனைக்கு வைக்கிற ஒவ்வொரு புதிய வண்டியிலும் அது எந்தக் கோணத்தில் சாய்ந்தால் கவிழத் தொடங்கும் என்று எழுதிய அட்டை தொங்க வேண்டும். எச்சரிக்கை ஒட்டிகளும் வேண்டும். 2021 அக்டோபர் 11 முதல், பண்ணையில் பயன்படுத்துகிற பொதுவகை வண்டிகளில் ஓட்டுநர் பாதுகாப்புச் சட்டகம் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், பக்கவாட்டில் 28.81 பாகைக்குக் குறைவான சரிவில் வண்டி இரு சக்கரத்தில் எழக் கூடாது; முன்பின்னாக 38.65 பாகை.

ஓபிடி என்று அங்கே சுருக்கமாகச் சொல்கிற அந்தச் சட்டகம் பெரிய விந்தை ஒன்றும் இல்லை. இருக்கைக்குப் பின்னால் கொண்டை ஊசியைத் தலைகீழாக நட்டதுபோல நிற்கும் வளைந்த குழாய். குவாட்பார் என்ற வகை அப்படிப்பட்டது. லைஃப்கார்டு என்ற இன்னொரு வகை, துண்டு துண்டாகக் கோர்த்த வளைவு. ஆள் மேல் பட்டால் சற்று வளைந்து கொடுக்கும்.

சட்டம் வந்ததும் ஹோண்டா, யமஹா, போலாரிஸ் ஆகிய நிறுவனங்கள் அந்த நாட்டுச் சந்தையிலிருந்து குவாட் பைக்குகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தன. சட்டகமே ஆளைக் காயப்படுத்தக்கூடும், பயிற்சியும் தலைக்கவசமும் போதும் என்பது அவர்கள் தரப்பு. சிஎஃப்மோட்டோ போன்றவை சட்டகத்தைப் பொருத்தி விற்றன. எங்கள் பண்ணை முதலாளி ஹோண்டாவைத் தவிர வேறெதையும் தொடாதவர். அரசாங்கம் தன் வீட்டு நாயைத் தூக்கிக்கொண்டு போனதுபோல ஒரு வாரம் புலம்பினார்.

20 ஜூன் 2024

ஒரு திருத்தம்: அந்தத் தரம் புதிய வண்டிகளுக்கும், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் பழைய வண்டிகளுக்கும்தான். ஏற்கெனவே பண்ணைகளில் ஓடிக்கொண்டிருந்தவற்றை அது தொடவில்லை. எங்கள் பண்ணையின் பழைய வண்டிகளில் சட்டகம் ஏறியதற்குக் காரணம் மாநில அரசு கொடுத்த மானியம். மானியம் என்றால் குறைவாகச் சொல்கிறேன்: சட்டத்தைத் திட்டிக்கொண்டிருந்த அதே முதலாளி, மானியப் படிவத்தை நிரப்புவதற்கு என்னை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்.

22 ஜூன் 2024

28.81 பாகை என்றால் நம் கண்ணுக்கு என்ன? பத்தடி நீளத்துக்கு ஐந்தரை அடி இறக்கம். நேற்று மழை விட்ட ஒரு மணி நேரத்தில் என் விளையில் அளந்து பார்த்தேன். கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கினேன். மேல்தட்டில் ஒரு முளையை அடித்து, அதில் நூலைக் கட்டி, பத்தடி தள்ளிக் கீழே ஒரு மூங்கில் கழியை நிறுத்தி, நூலை மட்டமாகப் பிடித்து, நூலுக்கும் தரைக்கும் உள்ள உயரத்தைக் கழியில் அளந்தேன். முதல் இடத்தில் நான்கு அடி இரண்டு அங்குலம். கையாலைக்கு அருகில், நான் கவிழ்ந்த இடத்தில், ஐந்து அடி இரண்டு அங்குலம். அதாவது இருபத்தேழு பாகைக்குச் சற்று மேல்.

அளவின்படி நான் கவிழ்ந்திருக்கக் கூடாது என்று உடனே ஒருவர் சொல்வார். அந்த அளவு, வண்டியை ஒரு மேசையில் நிறுத்தி மெல்லச் சாய்த்துப் பார்ப்பது. மேசையில் கல் இல்லை, ஈரச் சருகு இல்லை, பாதி நிறைந்த துருசுத் தொட்டியும் இல்லை. என்னுடைய பழைய வண்டி அந்தத் தரத்துக்கு உட்பட்டதும் அல்ல. 28.81 என்பது வண்டி தேறுவதற்கான குறைந்தபட்ச மதிப்பெண். அதுவரை ஓட்டிப் பார்க்கலாம் என்ற அனுமதி அல்ல.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. சமவெளிக்காரர்கள் காய்ந்த மண்ணில் ஓட்டுகிற மாதங்களில்கூட நமக்குப் பாதை வழுக்கும். பேச்சிப்பாறை, கடையாலுமூடு, களியல் பக்கத்து விளைகளில் தட்டு வெட்டியிருப்பதே ஆள் நடந்து பால்வெட்டுவதற்கு. தட்டின் மேல் சக்கரம் போகலாம்; ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு இறங்கும் இடம்தான் கொலைக்களம்.

23 ஜூன் 2024

"வெல்டிங் பட்டறையில் ஒரு கம்பியை வளைத்துப் பொருத்திக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டவருக்கு: நான் அதைத்தான் செய்தேன். கால் குணமானதும் மார்த்தாண்டம் பக்கம் ஒரு பட்டறையில் ஒன்றரை அங்குல ஜிஐ குழாயை வளைத்து, பின் தாங்கியில் வெல்டிங் வைத்துப் பொருத்தினேன். பார்க்க அசலைப் போலவே இருந்தது. சந்தேகம் வந்து, ஒரு நாள் செயின் பிளாக்கைப் பலாமரத்தில் கட்டி, குழாயின் உச்சியில் கொக்கியை மாட்டிப் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தோம். வண்டி ஒரு பக்கம் எழுவதற்குள் குழாய் வளையவில்லை. வெல்டிங் வைத்த தாங்கியே கிழிந்து வந்தது. தாங்கி மெல்லிய தகரம் போன்ற குழாய். அது சுமைக்குச் செய்தது, கவிழ்வதற்குச் செய்தது அல்ல. அசலில் சட்டகத்தின் அடி, வண்டியின் பின்கொக்கி பிடித்திருக்கும் கனமான பகுதியில் ஊன்றியிருக்கும். எங்கள் பட்டறைக்காரர் அதைப் பார்த்ததில்லை. நான் ஆறு ஆண்டுகள் பார்த்தும் கவனிக்கவில்லை.

இழுத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தக் குழாயை நம்பி இன்னும் செங்குத்தான தட்டுக்கு ஏறியிருப்பேன்.

25 ஜூன் 2024

சட்டகம் இருந்தால் கவிழாது என்று நான் சொன்னதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். சொல்லவில்லை. சட்டகம் கவிழ்வதைத் தடுக்காது. கவிழ்ந்த பிறகு வண்டிக்கும் தரைக்கும் நடுவே ஆள் கிடக்க ஓர் இடைவெளி கிடைக்க வாய்ப்பைக் கூட்டுகிறது. சில சமயம் முழுதாக உருளாமல் ஒரு பக்கத்திலேயே நிறுத்திவிடுகிறது. எனக்கு அந்த இடைவெளியைக் கொடுத்தது ரப்பர் மரம். ஆனால் தோட்டம் முழுவதும் பத்து, பன்னிரண்டு அடிக்கு ஒரு மரம் நிற்கிறதே, அதுவே போதாதா என்று என் அத்தான் கேட்டார். மரம் தலையில் மோதுவதற்கும் அதே தூரத்தில்தான் நிற்கிறது அத்தான் என்றேன்.

30 ஜூன் 2024

குழந்தைகள். கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிற குவாட் பைக்குகளைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது விளையாட்டு வண்டி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. என் அக்காள் மகன் விடுமுறைக்கு வந்தபோது "மாமா, ஒரே ஒரு ரவுண்டு" என்று மூன்று நாள் என் காலைச் சுற்றினான். பெரியவர்களுக்கான வண்டியைப் பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ஓட்டக் கூடாது என்பது அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வண்டியிலேயே ஒட்டியிருக்கும் எச்சரிக்கை. காரணம் எளிது: வண்டியை நிமிர்த்தி வைப்பது ஓட்டுபவருடைய எடைதான் என்று சொன்னேன் அல்லவா, முப்பத்தைந்து கிலோப் பையனிடம் நகர்த்துவதற்கு எடை இல்லை. பின்னால் ஆளை ஏற்றுவதும் அதே காரணத்தால் தவறு. நீளமான இருக்கை இரண்டு பேருக்கானதல்ல, ஒருவர் முன்னும் பின்னும் நகர்வதற்கானது. பின்னால் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் ஓட்டுபவர் மரத்தில் அறைந்த ஆணி மாதிரி ஆகிவிடுவார்.

சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். பிறகு நானே இரண்டு நாள் தேடினேன்.

2 ஜூலை 2024

"இங்கே யாருக்கு இதற்கெல்லாம் சட்டம் போட நேரம் இருக்கிறது, இருக்கிற வண்டியே மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான்" என்ற வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. முன்பு எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் இந்த நாட்டில் கதிரடிக்கும் இயந்திரத்தில் கைகள் போய்க்கொண்டிருந்தபோது, 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று நாடாளுமன்றமே ஒன்றை இயற்றியது. பண்ணை இயந்திரத்தை அது செய்யும் கேட்டை வைத்துச் சட்டம் பார்த்த முன்னுதாரணம் நம்மிடமே இருக்கிறது. அமெரிக்காவில் குவாட் பைக்கின் இனத்தைச் சேர்ந்த மூன்று சக்கர ஏடிவிகள் கவிழ்ந்து கொன்றபோது 1988இல் நிறுவனங்களோடு நீதிமன்ற உடன்பாடு செய்து விற்பனையை நிறுத்தினார்கள். சுவீடன் 1959இலேயே புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. அயர்லாந்தில் 2023 நவம்பர் 20 முதல், வேலைக்காகக் குவாட் பைக் ஓட்டுபவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், தலைக்கவசமும் அணிந்திருக்க வேண்டும். நியூசிலாந்து சட்டகத்தைக் கட்டாயமாக்காமல் வலியுறுத்துவதோடு நின்றிருக்கிறது.

நம் ஊர்ச் சட்டம் இந்த வண்டியைப் பார்க்கும்போது எண்பலகையைப் பார்க்கிறது. அது எந்தச் சரிவில் நிற்கிறது என்று பார்ப்பதில்லை. எனக்குள்ள மனக்குறை அவ்வளவுதான். விற்பனைக் கூடத்தில் சாய்வுக் கோணத்தை எழுதிய ஓர் அட்டையைத் தொங்கவிடச் சொன்னால் யாருக்கும் நட்டம் இல்லை. பயிற்சி, சட்டகம் எல்லாம் பிறகு வரட்டும். அந்த அட்டையைப் படித்திருந்தால் நான் வாங்காமல் இருந்திருப்பேனா என்று நேர்மையாகக் கேட்டுக்கொண்டால், வாங்கியிருப்பேன். பின் தாங்கியில் தொட்டியை மட்டும் கட்டியிருக்க மாட்டேன்.

5 ஜூலை 2024

இப்போது சுமைக் கணக்குக்கு வருவோம். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஆறு ஏக்கரில் ஆயிரம் மரம் நிற்கும். ஒருவர் ஒரு நாளைக்கு வெட்டுவது முந்நூறு மரம். மரத்துக்கு நூறு மில்லி என்று வைத்தால் முப்பது லிட்டர் பால். முப்பது கிலோ. இரண்டு கேன். இந்த முப்பது கிலோவுக்காக முந்நூறு கிலோ இயந்திரத்தைச் சரிவில் ஏற்றுகிறோம். பால் என்பது என் துருசுக் கலவையைப் போலவே குலுங்குகிற திரவம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து விளைக்காரர் செய்தது வேறு. புரையும் உருளை இயந்திரமும் விளையின் கீழ்க் கோடியில் இருப்பதால்தானே சுமை? நடுத்தட்டில் தகரக் கூரை போட்டுச் சின்னக் கொட்டகை ஒன்றைக் கட்டினார். பாலை அங்கேயே வடிகட்டி, ஆசிட் விட்டு, டிஷ்ஷில் உறைய வைக்கிறார்கள். மேல்தட்டுக்காரருக்கு நடை பாதியாகக் குறைந்தது. உறைந்த ரப்பர் ஷீட்டைக் கீழே கொண்டு வருவது மறுநாள், சாவகாசமாக. ஷீட் குலுங்காது.

உரமூட்டை, விறகு, ஊடுபயிர் அன்னாசி என்று கனமான வேலை நிறைய இருக்கிறது என்றால் கணக்கு மாறும். அப்போதும் நான் மேல்தட்டுக்கு வண்டியை அனுப்ப மாட்டேன். என் வண்டி இப்போது கீழ்ப்பாதையில் மட்டும் ஓடுகிறது, கேட்டிலிருந்து புரை வரை, சமமான இருநூறு அடி. அதற்குக் கைவண்டியே போதும் என்று அப்பா தினமும் சொல்கிறார். அவர் சொல்வது சரி. விற்க மனம் வரவில்லை.

11 ஆகஸ்ட் 2024

கேள்வி கேட்டவர் வண்டியை நேரில் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார். பதிவு இல்லை. இருக்கையில் இருந்த எச்சரிக்கை ஒட்டி சுரண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. விற்பவர் ஓட்டிக் காட்டும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. சக்கரத்துக்குக் காற்று போதாது என்று சொல்லி, அருகில் உள்ள பங்க்சர் கடையில் ஸ்கூட்டருக்கு அடிப்பதுபோல இருபத்தைந்து பவுண்டு அடித்துக் கொடுத்திருக்கிறார்.

அந்தக் காற்றை உடனே இறக்கச் சொல்லுங்கள். இந்தச் சக்கரங்களுக்குப் பெரும்பாலும் ஐந்து பவுண்டு அளவுதான் காற்று. சரியான எண் வண்டியின் குறிப்பேட்டிலோ சக்கரத்துக்கு அருகே ஒட்டிய அட்டையிலோ இருக்கும். இருபத்தைந்து அடித்தால் சக்கரம் பந்தைப் போலக் கல்லில் துள்ளும். ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் ஏழு என்று இருந்தாலே வண்டி இழுக்கும். பங்க்சர் கடை மீட்டரில் பத்துக்குக் கீழே முள் அசையாது, ஆகவே அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கிப்ஸ்லாந்திலிருந்து வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வந்த குறைவழுத்த மீட்டர் என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் திற்பரப்புக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போது உங்கள் மேல்தட்டில் பத்தடிக்கு எத்தனை அடி இறக்கம் என்று அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். ரசமட்டம் கொத்தனாரிடம்தான் இருக்கிறது, மீட்டரை முதலில் தர மாட்டேன்.